எந்த வாசலில் விடுவது

ஜூன் 4

புது வேலையில் இரண்டாம் நாள். பதினோரு வருடம் ஆலோசகராக இருந்தேன். அடுத்தவர் கம்பெனியில் என்ன கோளாறு என்று வாய் கிழியச் சொல்லிவிட்டு, அவர்கள் அதைச் செய்தார்களா என்று தெரியும் முன்பே அடுத்த விமானம் ஏறிவிடுவேன். இப்போது வழிகாட்டும் வரைபடம் செய்கிற பெரிய நிறுவனம். எங்கள் குழுவுக்கு ஒரே வேலை: ஒரு கட்டடத்துக்குப் போகிறவரை அதன் எந்த வாசலில் கொண்டுபோய் விடுவது.

இதற்கு முப்பது பேரா என்று நேற்று சிரித்தேன். இன்று நடைவழிச் சுவரில் அந்தத் திரையைப் பார்த்தேன். இந்த நொடியில் வழி கேட்கிற ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. கண்டங்கள் முழுக்க மினுங்குகிறது. தினம் பதினைந்து கோடி பேராம். காபி ஆறும்வரை நின்றிருக்கிறேன். அம்மாடி!

ஜூன் 7

பழைய பாஸ் அழைத்தார். "அங்க ஆயிரம் பேருக்கு நடுவுல காணாமப் போயிடுவே. இங்க பார்ட்னர் ஆக வேண்டியவ. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உன் இடத்த யாருக்கும் தரமாட்டேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "போறதுன்னா போ. ஆனா வாரத்துல ஏழு நாளும் வீட்டுல உன்னப் பார்க்கிறது எனக்குப் பழகிடும். அதுக்குள்ள முடிவு பண்ணு" என்றார்.

ஜூன் 19

மானம் போயிற்று.

இருபத்திரண்டு பக்கம் வண்ணப் படங்களோடு போனேன். இங்கே படம் காட்டுகிற வழக்கமே இல்லையாம். எழுதிக்கொண்டு வந்ததை எல்லோரும் இருபது நிமிடம் வாய் திறக்காமல் படிப்பார்கள், பிறகுதான் பேச்சு. என் படங்களையே அச்செடுத்து அப்படிப் படித்தார்கள். பேசியே பிழைத்தவள் நான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் விதி எளியது: அதிக வண்டிகள் எந்த வாசலில் நிற்கின்றனவோ, அங்கேயே எல்லோரையும் அனுப்பு. நிரல் எழுதுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், கண்ணாடியை எப்போதும் தலைமேல் ஏற்றியிருப்பாள். அவள் கேட்டாள்: "இந்த வட்டப் படத்துல சாம்பல் கலர் துண்டு என்னங்க?"

"அது மற்றவை. 0.4 சதவீதம்தான்."

"தினம் ஆறு லட்சம் பேரு."

யாரும் சிரிக்கவில்லை. "அடுத்த கட்டத்துல பார்த்துக்கலாம்" என்றேன். பதினோரு வருடமாக என்னைக் காப்பாற்றிய வாக்கியம். இங்கும் காப்பாற்றியது, ஒப்புக்கொண்டார்கள்.

ஜூலை 8

விதி இன்று உலகத்துக்குப் போனது. கண்ணாடிக்காரி ஒரு பொத்தானை அழுத்தினாள், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில், எனக்குப் பெயர்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஊர்களில் மனிதர்கள் என் பேச்சைக் கேட்டு வண்டியைத் திருப்பினார்கள். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை.

ஜூலை 15

புகார் ஒன்று. மூச்சுத் திணறிய அப்பாவை ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். நம் வரைபடம் முன்வாசலில் விட்டிருக்கிறது. பார்வையாளர் வாசல். அவசரப் பிரிவு பின்பக்கம். அப்பாவைத் தூக்கிக்கொண்டு மதிலைச் சுற்றி ஓடியிருக்கிறார்.

போன வாரம் வரை நம் வரைபடம் பின்வாசலுக்குத்தான் அனுப்பியது. அவசர வாசலில் வண்டிகள் குறைவு. அவை எல்லாவற்றையும் நான் எங்கே போட்டேன்? மற்றவையில்.

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்... அந்த அப்பா இருக்காரா, இல்லையா? கடிதத்தில் அது இல்லை. நாலாயிரத்துச் சொச்சம் மருத்துவமனைகளாம். ஒரு வாரம்! கண்ணாடிக்காரி இருபது நிமிடத்தில் பழையபடி மாற்றிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜூலை 16

நடந்ததை அறிக்கையாக எழுதச் சொன்னார் மேலாளர். "என் அலட்சியத்தால்" என்று தொடங்கினேன். அந்த வரியை அடித்துவிட்டார்.

"இதுல ஆள் பேரு எழுத மாட்டோம். உங்களத் திட்டி அனுப்பிட்டா அடுத்து வர்றவங்களும் இதே தப்பப் பண்ணுவாங்க. இது எப்படி எங்க எல்லார் கண்ணுலயும் படாமப் போச்சு? அத எழுதுங்க."

முப்பது பேரும் உட்கார்ந்து படித்தார்கள். ஒருவர் சொன்னார், நானும் கேட்டிருக்கணும். இன்னொருவர் சொன்னார், சோதனைப் பட்டியல்ல மருத்துவமனையே இல்ல, அது நான் போட்ட பட்டியல். பழைய இடத்தில் இந்நேரம் ஆளுக்கொரு பக்கம் நழுவியிருப்போம், நான்தான் முதலில். இப்படியும் ஒரு இடமா?

ஆனாலும் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிவிட்டேன், பழைய வேலைக்கே திரும்பிப் போகிறேன் என்று. எனக்கு இது தாங்காது.

ஜூலை 18

புகாரில் எண் கொடுத்திருந்தார், பேசலாம் என்று. மேலாளரிடம் அனுமதி கேட்டு அழைத்தேன்.

"அப்பா நல்லா இருக்காருங்க. வீட்டுக்கு வந்துட்டாரு. ஆனா அந்த மதில் சுவரு இருக்கே... முடியவே முடியாத மாதிரி இருந்துச்சு. நீங்க யாரு?"

"உங்கள அந்த வாசலுக்கு அனுப்பினது நான்தாங்க. என்ன மன்னிச்சிடுங்க."

"அந்த மேப்புக்குப் பின்னால நெஜமாவே ஒரு ஆள் இருக்கீங்களா?" என்றார். கோபமே இல்லை, வியப்பு. "சரி, நல்லாப் பண்ணுங்கம்மா."

கழிவறைக்குப் போய் அழுதேன்.

ஆகஸ்ட் 2

மருத்துவமனைகளுக்குத் தனி விதி. பதினான்கு பக்கம், படமே இல்லை. வாசல் வாசலாகப் பார்த்து எழுதினேன். கண்ணாடிக்காரி இரண்டு முறை படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்தோம்.

ஆகஸ்ட் 19

வாரம் ஒருவர் புகார்த் தொலைபேசியை வைத்துக்கொள்ள வேண்டும். புதியவர்களுக்கு ஆறு மாதம் விலக்கு உண்டு. எனக்கு விலக்கு வேண்டாம் என்று போன வாரமே எழுதிக் கொடுத்திருந்தேன். பழைய பாஸுக்கும் அன்றே சொல்லிவிட்டேன், திரும்பி வரமாட்டேன் என்று. "பைத்தியமா உனக்கு?" என்றார். இருக்கலாம்.

இன்று காலை கண்ணாடிக்காரி அந்தத் தொலைபேசியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். பத்து நாற்பதுக்கு முதல் மணி அடித்தது. எழுந்து நின்றுதான் எடுத்தேன்.