உள்ளே யாரும் இல்லை

அன்புப் பேத்திக்குப் பாட்டி எழுதிக்கொள்வது.

கடிதம் கொண்டுவரும் பெண் போலீஸ், பெயர் எழுதக் கூடாது, ஊர் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாள். "நீங்க சொல்லுங்க பாட்டி, நானே எழுதிக்கிறேன்" என்றாள். அஞ்சாம் வகுப்பு படித்தவள் நான், என் பேத்திக்கு எழுத எனக்கு ஆள் எதற்கு என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். எழுத்து கோணலாக இருந்தால் வயசு என்று நினைத்துக்கொள். வேறு ஒன்றுமில்லை.

போலீஸ் உன்னை மறைத்து வைத்திருக்கிற இடத்தில் நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே உன் அம்மா கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறோம். பேப்பரை நிறுத்திவிட்டோம். பல் ஆஸ்பத்திரிக் கொலை என்று செத்தவர்கள் படத்தை இன்னமும் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்தேன். எக்ஸ்ரே அறை இருட்டில் நீ ஒடுங்கிக் கிடந்தது, வெளியே ஒருவன் "உள்ளே யாரு?" என்று கேட்டது, வரவேற்பு மேசை அக்கா "உள்ளே யாரும் இல்லை" என்றது, அப்புறம் கேட்ட சத்தம், எல்லாம் எழுதியிருந்தாய். அந்த அக்கா வாயால் சொன்னபடி உள்ளே இல்லாதவளாகவே இருந்துவிடுகிறேன், அவள் செத்த பிறகு நான் எந்த முகத்தோடு கோர்ட்டில் நின்று அந்தக் கொலைகாரன் குரலை அடையாளம் சொல்வேன் என்றும் எழுதியிருந்தாய்.

உன் அம்மாவுக்கு அதில் நிம்மதிதான். "வராதேன்னு எழுதிடுங்க அத்தை" என்கிறாள். எனக்கும் அதே எண்ணம்தான், நேற்று மத்தியானம் வரைக்கும்.

நேற்று ஒருவன் கதவைத் தட்டினான். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தான். "கரண்ட் மீட்டர் பாக்கணும் பாட்டி, உள்ளே யாரு இருக்கா?" என்றான். உன் அம்மா குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, "உள்ளே யாரும் இல்லைப்பா" என்றேன். வாசலில் கிடந்த இரண்டு ஜோடிச் செருப்பையும் பார்த்தான். சிரித்தான். "பேத்தி வந்தா விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். மீட்டர் வெளிச் சுவரில் அல்லவா இருக்கிறது என்று அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பெண் போலீஸிடம் சொல்லிவிட்டோம். செருப்பையெல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டோம். இருந்தாலும் யாராவது படியேறினால் இரண்டு தாழ்ப்பாளையும் இழுத்துப் பார்க்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், கேள். அவன் எதிரே நின்றபோது என்னை என்ன செய்வானோ என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. உன் அம்மா இருமிவிடக் கூடாது, குழாயைத் திறந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான். உள்ளே அவள் இருந்ததால்தான் என் வாய் யாரும் இல்லை என்று சொன்னது. அந்த அக்காவும் அப்படித்தானே சொல்லியிருப்பாள்? உன்னை ஒன்றுமில்லாதவளாக ஆக்கவா சொன்னாள்?

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்போம். என் குரல் அடுத்த வகுப்புக்கே கேட்கும், வாத்தியார் காதைப் பொத்திக்கொள்வார். அந்தத் தொண்டைதான் உனக்கும் வந்திருக்கிறது.

வா என்று எழுதப் பயமாக இருக்கிறது. வராதே என்று எழுதக் கை வரவில்லை. கோர்ட்டில் உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்களாம். கூப்பிட்டால், உள்ளேன் என்று சொல் கண்ணே. அந்த அக்காவுக்கும் கேட்கிற மாதிரி சொல்.

உன் பழைய செருப்பைத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். நீ வீடு திரும்புகிற அன்று நானே அதை வாசலில் போடுவேன். பார்க்கிறவன் பார்க்கட்டும்.

என் மிச்ச ஆயுசும் உனக்கே சேரட்டும்.

உன் பாட்டி