முன்பல்லுக்கு நான் குறித்த நாள்

28.7.2025, திங்கள் (ஆடி 12)
என் மனைவி சண்முகவள்ளியின் மேல்வரிசை முன்பல்லுக்கு இருமுறை வேர் சிகிச்சை செய்தும் சீழ் நிற்கவில்லை. பிடுங்க வேண்டியதில்லை என்கிறார் டாக்டர் இசைவாணி. "ஈறுல சின்னதாத் திறந்து, மைக்ராஸ்கோப்ல பாத்து, வேர் நுனிய மட்டும் வெட்டி அடைச்சிரலாம் ஐயா. நாள் கடத்தாதீங்க. எலும்பு கரையுது, அப்புறம் பல்லு நிக்காது." வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி என்றார்.

வீடு திரும்பி நாட்காட்டியைப் பார்த்தேன். ஆடி மாதம், அஷ்டமி, ராகுகாலம் — மூன்றும் ஒருசேர! வாயில் கத்தி வைக்க இதைவிடக் கெட்ட பொழுது உண்டா?

29.7.2025, செவ்வாய்
மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, வெளியூர் செல்கிறோம் என்று சொல்லி ஆவணி இரண்டாம் தேதிக்கு மாற்றிக்கொண்டேன். வள்ளியிடம், டாக்டர்தான் தள்ளிவைத்தார் என்றேன். அவள் நன்மைக்குத்தானே?

1.8.2025, வெள்ளி
கஞ்சிதான் குடித்தாள். பதினொரு மணிக்கு அவள் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

7.8.2025, வியாழன்
மேலுதடு வீங்கி மூக்குவரை ஏறிவிட்டது. "டாக்டரம்மாவுக்கு ஒரு போனப் போடுங்களேன்" என்றாள். லைன் கிடைக்கவில்லை என்றேன். நான் எண்ணை அழுத்தவே இல்லை. சீ, என்ன மனுசன்டா நீ!

8.8.2025, வெள்ளி
கடைக்குப் போய்த் திரும்பினால் வீடு பூட்டியிருந்தது. வள்ளி பக்கத்து வீட்டுச் சைனம்புவுடன் ஆட்டோவில் டாக்டரிடம் போய், சீழை வெளியேற்றிவிட்டு வந்தாள்.

"டாக்டரம்மா தள்ளி வைக்கலையாம்ல. நாமதான் வெளியூர் போயிருந்தமாம். எந்த ஊருங்க? நல்லா இருந்துச்சா?"

நாள் நன்றாக இல்லை என்று முனகினேன்.

"வலி நாள் பாத்தா வருது, அண்ணே?" என்றாள் சைனம்பு.

"வர்ற செவ்வா, மூணு மணிக்கு ஆபரேசன். ராகுகாலந்தான். நீங்க வர வேணாம்" என்றாள் வள்ளி.

12.8.2025, செவ்வாய்
உதட்டில் ஐஸ் பையோடு வந்தவள் நேரே உள்ளறைக்குப் போய்விட்டாள். சைனம்புதான் சொன்னாள்: "எலும்பு கொஞ்சம் போயிருச்சாம். பல்லு நிக்குமான்னு ஆறு மாசங் கழிச்சுப் படம் எடுத்துத்தான் சொல்வாகளாம்."

கொஞ்சம் என்றால் எம்புட்டு? நான் தள்ளிப்போட்டதில் போனது எம்புட்டு? யாரிடம் கேட்பது...

19.8.2025, செவ்வாய் (ஆவணி 3)
தையல் பிரிக்கும் நாள். என்னை அழைக்கவில்லை. வள்ளியும் சைனம்புவும் புறப்பட்டபின் பேருந்தில் போய், மூன்றேகாலுக்கு மருத்துவமனையில் அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி அமர்ந்தேன். பார்த்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்தவள், கைப்பையைச் சைனம்புவிடம் நீட்டப் போனாள். பிறகு அதை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.