இடிபாட்டுக்கு ரசீது

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும், கை கால் சொன்ன பேச்சைக் கேட்கிற அளவுக்கு நன்றாகவே இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் என்று படுக்காமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். சித்திக்கு முட்டி அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கோலில்லாமல் நடக்கிறாள். அவள் உனக்குப் போனில் பாதி விஷயத்தைச் சொல்லி, மீதியை அம்மாவையே கேள் என்று விட்டுவிட்டாளாம். அவள் சொன்னதில் ஒரு பங்கு அவளுடைய கைச்சரக்கு இருக்கும், அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நம் நகராட்சிப் பொறியாளர், அதுதான் அப்பா 'அடுத்தவாரம்' என்று பெயர் வைத்தாரே, அவரை நீ மறந்திருக்க மாட்டாய். இடித்த வீட்டுக் கல்லையும் காரையையும் உடைத்து நடைபாதைக் கல் செய்ய நாம் மெஷின் வாங்கிப் போட்ட நாளிலிருந்து, அந்த மனிதர் நம்மைச் செக்குமாடாகச் சுற்ற விட்டார். நம் கல் அரசு விலைப்பட்டியலில் இல்லை, அதனால் வாங்க முடியாது என்றார். பட்டியலில் சேருங்கள் என்றால், மூன்று வருடம் எங்காவது பயன்படுத்திய பதிவேடு வேண்டும் என்றார். பயன்படுத்த விடுங்கள் என்றால், பட்டியலில் இல்லையே என்றார். இடிபாடு கொட்டி உடைக்கும் நம் யார்டுக்கு அங்கீகாரம் கேட்டால் இது தொழிற்சாலையா குப்பைமேடா என்று முடிவாகவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். நீ ஐந்து மாதம் சோதனை செய்து எழுதிய அறிக்கையை நூல் கட்டிக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தபோது, அதைப் பிரிக்காமலே என்னைப் பார்த்து, "பொண்ணுக்கு எதுக்கும்மா இந்தக் குப்பை வேலை, நல்ல இடமா பாத்துக் கட்டிக் குடுங்க" என்றார். நீ எழுந்து வந்துவிட்டாய். அந்த மாதமே கடல் தாண்டிப் போய்விட்டாய். மெஷின் நின்றதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன், ஆனால் உன் அறையில் காலியாகக் கிடக்கும் கட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆளுக்கு ஒரு நாள் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் கதவைச் சாத்துவேன்.

அந்த நாளை அவரே கொண்டுவந்து கொடுத்தார். போன வருடம் ஒரு புது விதி வந்தது. வீடு இடிக்கிறவர்கள் இடிபாட்டை அங்கீகாரம் பெற்ற யார்டில் கொட்டி ரசீது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் புதிதாகக் கட்டும் வீட்டுக்குச் சான்றிதழ் கிடையாது. கையெழுத்துப் போட்டவர் சாட்சாத் அடுத்தவாரம். ஊரில் அங்கீகாரம் பெற்ற யார்டு ஒன்றுகூட இல்லை, நம் ஃபைல் அவர் பீரோவில்தான் தூங்குகிறது. ஜனங்கள் வெளியூர் ரசீதை எங்கிருந்தோ வாங்கி ஒட்டினார்கள், லாரிகள் வாய்க்காலில் கொட்டின. நான் மேலிடத்துக்கு நான்கு கடிதம் எழுதி அந்தப் பொய் ரசீதுகளை நிறுத்த வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் தன் சொந்த வீட்டை இடித்தார். தன் குழியைத் தானே வெட்டி, அளவும் தானே எடுத்த மாதிரி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கையில் பழப்பையோடு யார்டுக்கு வந்தார். துருப்பிடித்த மெஷினை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் சுற்றிப் பார்த்தார். ஃபைலில் இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன், நாளைக்கு ஒரு ரசீது கொடுங்கள் போதும் என்றார். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லட்டுமா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் உள்ளே போய் அவர் நமக்கு எழுதிய பழைய கடிதத்தை எடுத்து வந்து நீட்டினேன். "அங்கீகாரம் இல்லாத இடத்துல இடிபாடே வாங்கக்கூடாதுன்னு நீங்கதான் சார் எழுதியிருக்கீங்க. அடுத்த வாரம் வாங்க" என்றேன். பழப்பையை அவரே திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அப்பாவுக்கு அப்படி ஒரு கோபம். நாலு வருஷமாகத் தவம் கிடந்த கையெழுத்து வாசலுக்கு வந்தபோது உதைத்துவிட்டாயே என்றார். தன் வீட்டுக்காக அந்த ஆள் போடுகிற கையெழுத்து இன்னொருவர் வீட்டுக்காக அழிந்தும் போகும் என்று நான் நியாயம் பேசினேன். உன்னிடம் மறைப்பானேன், அந்த நேரத்தில் எனக்கு எந்த நியாயமும் தோன்றவில்லை. அந்த ஆள் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது நாள் அப்பா என்னிடம் பேசவில்லை.

பத்தாம் நாள், முன்பு நமக்கு லோடு அடித்த டிப்பர் டிரைவர் வந்து, பொறியாளர் வீட்டு இடிபாடு பதினேழு லோடும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாய்க்கால் வளைவில் கொட்டப்பட்டது என்றார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தண்ணீர் போக வழியில்லாமல் பள்ளிக்கூட மைதானம் வரை நின்றது. குவியலில் ஏறி இறங்கி இரண்டு மணி நேரம் தேடினேன், செருப்பு அறுந்தது, உள்ளங்காலைக் கம்பி கிழித்தது. கடைசியில் வீட்டு எண் பதித்த அவர் வாசல்கல்லே கிடைத்தது. திருடன் விலாசத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். படம் எடுத்து மூன்று அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். ஒப்பந்தக்காரன் எனக்குத் தெரியாமல் கொட்டிவிட்டான், ஊரில் அங்கீகாரம் பெற்ற யார்டே இல்லாதபோது நான்தான் என்ன செய்வேன் என்று நம் பொறியாளர் கேட்டார். ஏன் ஒன்றுகூட இல்லை என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். இவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். நம் ஃபைல் வந்தது. நீ போட்ட நூல் முடிச்சு அப்படியே இருந்தது கண்ணு, அவர் அதைத் தொடவே இல்லை. அந்த அம்மா முடிச்சை அவிழ்த்து முதல் பக்கத்தைப் படித்தார், பிறகு இரண்டாம் பக்கத்தைப் படித்தார், அறையில் எல்லாரும் காத்திருந்தோம். பிறகு என்னிடம், முதல் தவறு, நீங்கள் சம்மதித்தால் எச்சரித்து விட்டுவிடலாம் என்றார். பின் பெஞ்சில் பொறியாளரின் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்து, பாத்திரம் பண்டமெல்லாம் அட்டைப்பெட்டியில் கிடக்க அவள் படும் பாடு எனக்குத் தெரியும். இருந்தும் சொன்னேன். "விடக்கூடாதும்மா. எங்களை இவர் ஒரு நாள்கூட விடல."

சான்றிதழ் நிறுத்தப்பட்டது, அவரைப் பதிவறைக்கு மாற்றினார்கள். வாய்க்காலை அவர் செலவில் சுத்தம் செய்ய உத்தரவானது. அவர் மனைவி கடைத்தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். அவளுக்காக மனசு ஒரு நிமிஷம் கனக்கிறது. அவருக்காக இல்லை. உத்தரவான அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டு, அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

அள்ளிய இடிபாட்டைக் கொட்ட வேறு இடம் ஏது? தொண்ணூறு நாள் பரீட்சார்த்த அனுமதி நம் யார்டுக்கு வந்துவிட்டது. அப்பா இரண்டு நாள் கிரீஸும் கையுமாக மெஷினுக்கடியிலேயே கிடந்தார், திங்கட்கிழமை அது ஓடியது. அடுத்தவாரத்தின் வீடு என் கண்முன்னால் ஜல்லியாகி விழுந்தது. மூன்று வருடப் பதிவேடும் அன்றே தொடங்கியது. கழிவு எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில், முதல் வரியில், அவர் பெயரையும் வீட்டு எண்ணையும் தெருவையும் நிறுத்தி நிதானமாக எழுதினேன். இனி எந்த அதிகாரி சோதிக்க வந்தாலும் அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

நீ வந்துவிடு என்று கேட்க இந்தக் கடிதம் எழுதவில்லை. உன் வேலை உனக்குப் பெரிது. குளிரில் காதை மூடாமல் போகாதே, பட்டினியாக வேலைக்கு ஓடாதே. நீ நூறு வயது தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், உன்னைக் குனிய வைக்க நினைப்பவர்கள் உன் அம்மாவை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மறந்துவிடாதே, பதிவேட்டின் முதல் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். சோதனை செய்த பொறியாளர் கையெழுத்து என்ற இடம் காலியாக இருக்கிறது. அது உன் இடம். அவர் பெயருக்கு நேர் கீழேதான் வருகிறது, பெரிதாகப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
(அப்பாவுக்கு இன்னும் கோபம்தான், ஆனால் கடிதத்தை ஒட்டியது அவர்.)