லாக் புக்கில் இல்லாத மேடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசுதான் நான்கு நாளாகச் சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று ஒரு வரி வந்தால் பாதி பாரம் இறங்கும்.

எங்கள் டிப்போவில் வரும் திங்கள்கிழமை முதல் பள்ளி வண்டிகள் எல்லாம் பேட்டரியில்தான் ஓடும். புகையில்லை, சத்தமில்லை, எனக்கும் சந்தோஷம்தான். எந்தத் தடத்துக்கு எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும் என்று கணக்குப் போட இஞ்சினியர் அம்மா ஒருவர் வந்து, டைம் கீப்பர் என்று நான் கையெழுத்துப் போட்ட லாக் புக்கை எல்லாம் வாங்கிக்கொண்டு போனார், அங்கேதான் வந்தது வினை. உன் மாமா தான் ஓட்டும் தடம் நாளைக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டர் என்று ஏழு வருஷமாக எழுதி வருகிறான். உண்மையில் எண்பது. குவாரி மேட்டில் இரண்டு பிள்ளைகள், ஒன்று சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை, அவர்களுக்காகக் காலையும் மாலையும் தடத்தை விட்டு மேலே ஏறி இறங்குவான். கேட்டால் கூடாது என்பார்கள் என்று அனுமதி கேட்கவே இல்லை. நானும் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். டீசல் கூடுதலாகக் குடித்ததற்கு எஞ்சின் பழசு என்று எழுதிவிட்டோம், பாவம், அது வாய் திறந்தா சொல்லப்போகிறது!

முந்தாநாள் வெள்ளோட்டம். இஞ்சினியர் அம்மா முன் சீட்டில் இருந்ததால் உன் மாமா மேட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு நடையும் முடிந்து வரும்போது பத்து சதவீதம் சார்ஜ் மிச்சம், எல்லோரும் கை தட்டினார்கள், வெட்கங்கெட்டு நானும் தட்டினேன். மேடும் ஏறினால் அந்தப் பத்து எந்த மூலைக்கு? சாயங்காலம் குவாரி லாரிகளுக்கு நடுவே முப்பது பிள்ளைகளோடு வண்டி நின்றுபோகும். இதைச் சொன்னதற்கு உன் மாமா, ஓய்வுக்கு அஞ்சு மாசம்தான் இருக்கு அத்தான், இனிமே மேட்டுக்குப் போகல, நீங்க வாயத் திறக்காதீங்க என்று கெஞ்சினான். அப்ப அந்தப் பிள்ளைங்க எப்படிடா பள்ளிக்கூடம் வரும் என்றேன். திங்கட்கிழமை அவன் கை தானாக வண்டியை அந்தப் பக்கம் திருப்பும், எனக்கு அவனைத் தெரியாதா? உன் அம்மா பாத்திரங்களை வைக்கும் சத்தத்திலேயே எனக்குத் திட்டு விழுகிறது.

இன்று மூன்று மணிக்குப் பேட்டரிக் கணக்கை முடிவு செய்யும் கூட்டம். உண்மையான கிலோமீட்டரை எழுதி, மேட்டையும் தடத்தில் சேர்த்துப் பெரிய பேட்டரி கொடுங்கள், ஏழு வருஷக் கையெழுத்தும் என்னுடையது, முதலில் என்னைக் கேளுங்கள் என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். உன் மாமாவிடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறதம்மா.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வண்டி ஓட்டும்போது போனை எடுக்காதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் மாமாவுக்குப் போன் செய்ய மறக்காதே. உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன். என்னைத் துரோகி என்பான், எனக்காகப் பரிந்து பேசாதே. அழுதால் அழட்டும், நீ மட்டும் முதலில் போனை வைத்துவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா