சின்சியர்லி என்று முடிந்த கடிதம்

தோழி,

இன்று காலை ஒரு பெண் விடுப்புக் கடிதம் அடிக்க வந்தாள். பிரிண்டரிலிருந்து சூடாக வந்த தாளின் மை வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. கம்பெனி வேலை முடிந்து, வாலாஜாபாத் பஸ்ஸிலிருந்து இறங்கி, நேராக என் டைப்பிங் கடைக்குள் நுழைவாயே, அந்த நாட்கள்.

உத்திரமேரூரில் கடை வைத்திருந்தது நான். இங்கிலீஷ் தெரிந்தவள் நீ. கடிதத்தின் கடைசி வரியில் நான் தடுமாறும்போதெல்லாம் திரையைத் தட்டிக் காட்டுவாய். "பேர் போட்டு எய்தினா சின்சியர்லி. வெறும் டியர் சார்னா ஃபெய்த்ஃபுல்லி. இதுல இன்னாடி கொயப்பம் உனக்கு?"

உன் காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்காரர் ஒரு ஜெராக்ஸ் தாளோடு வந்தார். "சாவறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வேலைய வுட்டுட்டாளாம்க்கா. லெட்டர் குடுத்துகீறாளாம்."

வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் அந்த வீட்டில் ஒருவருக்கு வேலை தருவது உன் கம்பெனி வழக்கம். நீயே விலகிவிட்டாய் என்றால் அது கிடையாது.

கடிதத்தின் தொடக்கத்தில் 'டியர் சார்'. முடிவில் 'யுவர்ஸ் சின்சியர்லி'. கீழே இருந்தது உன் கையெழுத்துதான். ஆனால் சேரும்போதே வெறும் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள் என்று நீ ஒருமுறை சொல்லியிருந்தாய்.

"இத அவ எய்தல" என்றேன்.

கம்ப்யூட்டரில் உன் பழைய விடுப்புக் கடிதங்களைத் தேடினேன். ஆறு இருந்தன. ஐந்தில் டியர் சாருக்கு ஃபெய்த்ஃபுல்லி. ஆறாவது, உன்னைக் கொண்டுபோன காய்ச்சல் தொடங்கிய வாரம் நீ சொல்லச் சொல்ல நான் அடித்தது. அதில் டியர் சார், சின்சியர்லி.

நீ சொன்னதா, நான் தவறாக அடித்ததா? யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. அன்று தாளை வாங்கிக்கொண்டு நீ சொன்னது மட்டும் அப்படியே காதில் இருந்தது. "முடியலடி. பேசாம வேலைய வுட்டுடலாமான்னு கீது."

ஐந்தை மட்டும் அச்செடுத்துக்கொண்டு உன் வீட்டுக்காரரோடு கம்பெனிக்குப் போனேன்.

"டியர் சார்னா அவ ஃபெய்த்ஃபுல்லின்னுதான் சார் முடிப்பா" என்று நீட்டினேன். மேனேஜர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இவ்ளோதானா? வேற லெட்டர் இல்லியா?"

"இல்ல சார். வெறும் பேப்பர்ல கையெழுத்து வாங்கினீங்களே, அதெல்லாம் எங்க கீது?"

அவர் ஃபைலிலிருந்த ராஜினாமாக் கடிதத்தை மடித்து மேசை டிராயருக்குள் போட்டார். மறுவாரமே உன் வீட்டுக்காரருக்கு வேலை வந்தது. மாட்டிக்கொண்டோம் என்று கொடுத்தாரா, செத்தவள் விஷயம் பேஜாராகிவிடும் என்று கொடுத்தாரா? அவர் முகத்தை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை.

உன் மகள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். அவளைப் பார்க்கும்போது செய்தது சரி என்று தோன்றும். கடையில் தனியாக இருக்கும்போது, உன் கடைசிச் சொல்லை நானே பொய்யாக்கிவிட்டேனோ என்று தோன்றும். அந்த ஆறாவது கடிதத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. நீயே வந்து 'அந்த ராஜினாமாவை நான் எழுதவில்லை' என்று சொன்னாலும், எனக்காகச் சொல்கிறாயோ என்றுதான் சந்தேகப்படுவேன்.