பேட்டரியில் ஒட்டிய நம்பர்

என் பாப்பாவின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க இப்போது நேரமில்லை. நீங்கள் நலமாக இருந்தே ஆக வேண்டும். முதலில் எழுந்து போய், டிரில் மெஷினிலிருந்து அந்தப் புது பேட்டரியைக் கழற்றுங்கள். சார்ஜரில் இருந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். படுக்கையில் இருந்தால், ஐயோ, படுக்கையில் இருந்தால் உடனே எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடி, ஒரு வாளி மணலுக்குள் புதைத்துவிட்டு வாருங்கள். வந்த பிறகு மீதியைப் படியுங்கள். "இவளுக்கு வேற வேலையில்லை" என்று சிரிக்காதீர்கள். நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

லாரி ஷெட்டில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மலைமேல் உங்கள் வேலை முகாமுக்குச் சாமான் கொண்டுவரும் டிரைவர் அண்ணன், "சரக்கு ஏறி முடியிற வரைக்கும்தாம்மா டைம், அதுக்குள்ள எழுதிக் குடுத்துடு" என்று சொல்லியிருக்கிறார். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மழையில் அங்கே டவர் சாய்ந்ததிலிருந்து உங்கள் போன் கிடைக்கவில்லை. காலையிலிருந்து அடித்து அடித்து விரல் ஓய்ந்துவிட்டது. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று சொல்லும் அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். அவள் என்ன செய்வாள், பாவம்.

நடந்ததைச் சொல்கிறேன். லீவில் வந்தபோது நாம் இருவரும் சமையலறையில் உட்கார்ந்து செய்த திருட்டு வேலை நினைவிருக்கிறதா? பழைய பேட்டரி செத்துப்போய்விட்டது, அதற்கு வாரண்டி முடிந்துவிட்டது. புதுசுக்கு வாரண்டி இருக்கிறது, அதுவோ நன்றாக ஓடுகிறது. புதுசின் நம்பர் ஸ்டிக்கரை உரித்துப் பழசில் ஒட்டு, பழசின் ஸ்டிக்கரைப் புதுசில் ஒட்டு, பழசைக் கொடுத்துப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள் என்று உங்கள் அறைத்தோழர் சொட்டை அண்ணன் யோசனை சொன்னாராம். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றீர்கள். "உனக்குத்தான் நகம் இருக்கு, நீ உரி" என்றீர்கள். நானும் இஸ்திரிப் பெட்டியில் துணியைச் சூடாக்கி, ஒத்தி ஒத்தி, ஓரம்கூடக் கிழியாமல் உரித்து மாற்றி ஒட்டினேன். புதுசோடு நீங்கள் முகாமுக்குக் கிளம்பினீர்கள். எவ்வளவு பெருமை எனக்கு! இந்தக் கைக்குக் கொள்ளி வைக்க வேண்டும்.

பழசை இன்று காலை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் போகும்போதே பொய்யை மனப்பாடம் செய்துகொண்டேன். கவுண்டரில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். நம்பரைத் தட்டிப் பார்த்தவள் மறுபடியும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன். அவளோ மேஜைக்கு அடியிலிருந்து மணல் வாளியை இழுத்து, நம் பேட்டரியை இரண்டு கையாலும் மெதுவாக அதற்குள் வைத்தாள். பில்லைக் கேட்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. "நல்லவேளை கொண்டு வந்தீங்கக்கா, உடனே மாத்திக் குடுத்துடறோம்" என்று சொல்லி, பெட்டியோடு புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. திருடப் போன வீட்டில் விருந்து வைத்த மாதிரி வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸும் வந்தது. படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. செத்த பேட்டரியை எதற்கு மணலில் வைக்கிறாள்? எதற்கு நல்லவேளை என்கிறாள்? அவள் பார்த்தது நம்பரைத்தானே. அந்த நம்பர் எந்தப் பேட்டரியுடையது? புதுசுடையது. அது உங்களிடம் இருக்கிறது. இறங்கித் திரும்ப ஓடினேன். செருப்பு அறுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். ஸ்டிக்கர், இஸ்திரிப் பெட்டி, சொட்டை அண்ணன், ஒன்று விடாமல். போலீஸைக் கூப்பிட்டாலும் கூப்பிடட்டும் என்றுதான் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அப்போ அந்தப் பேட்டரி எங்கக்கா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தபோதுதான் நான் அழுதேன்.

அந்த நம்பர் வரிசையில் வந்த பேட்டரிகளில் உள்ளே ஏதோ கோளாறாம். சார்ஜ் ஏறும்போதோ, ஏறி முடிந்து சும்மா இருக்கும்போதோ தீப்பிடிக்கிறதாம். திடீரென்று வெடித்துப் பீறிடுமாம், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் அடங்காதாம். கம்பெனி எல்லாவற்றையும் திரும்ப வாங்குகிறது. உங்கள் முகாமுக்கும் போன வாரமே பட்டியல் போய், உங்கள் சூப்பர்வைசர் ஒவ்வொரு பேட்டரியாகப் பார்த்து, இங்கே அப்படி எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். எப்படி இருக்கும்? உங்களுடையதில் ஒட்டியிருப்பது பழசின் நம்பர். ஓரம்கூடக் கிழியாமல் நான் ஒட்டியது. அது ஆபத்தானது என்று இந்த உலகத்தில் எனக்கும் அந்தக் கவுண்டர் பெண்ணுக்கும் மட்டும்தான் தெரியும்.

சூடாகிறதா, இனிப்பாக ஏதாவது வாடை வருகிறதா, உப்பியிருக்கிறதா என்று அவள் கேட்டாள். கடைசியாகப் போனில் பேசியபோது நீங்கள் சொன்னது அப்போது என் காதில் அப்படியே கேட்டது. "இங்க குளிர்ல பேட்டரி காலையில எந்திரிக்கவே மாட்டேங்குது. அதான் ராத்திரி சார்ஜ் போட்டு எடுத்து பனியனுக்குள்ள வெச்சுக்கிட்டுப் படுத்துடறேன். நல்லா கதகதன்னு இருக்கு, பாப்பாவை அணைச்சுக்கிட்டுத் தூங்கற மாதிரி." அப்படிச் சொன்னீர்கள். நானும் கேட்டுவிட்டு, என்னை நினைக்கவில்லையா என்று சண்டை போட்டேன். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மாற்றிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அவள் வாங்கவில்லை. "அண்ணனுக்கு அனுப்புங்க, முதல்ல அதைக் கையிலேர்ந்து இறக்கச் சொல்லுங்க" என்றாள். இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் இருப்பது அதுதான். உங்கள் புத்தி எனக்குத் தெரியும். இரண்டு கிடைத்துவிட்டது, ஒன்றை மாற்றி ஒன்று போட்டால் வேலை நிற்காது என்று கணக்குப் போடுவீர்கள். போடாதீர்கள், உங்கள் காலில் விழுகிறேன். சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும். சொட்டை அண்ணனும் யாருடைய ஸ்டிக்கரை எதில் ஒட்டியிருக்கிறாரோ, அந்த அறையில் எல்லோரிடமும் கேளுங்கள்.

சரக்கு ஏறி முடிந்துவிட்டது, டிரைவர் அண்ணன் ஹாரன் அடிக்கிறார். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்துதான் பார்க்க வேண்டும் என்று தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மலைப்பாதையில் லாரி வந்து சேர இரண்டு ராத்திரி ஆகுமாம். இதை நீங்கள் படிக்கும்போது அந்த இரண்டு ராத்திரியும் கடந்து போயிருக்கும். எனக்கு அவை இனிமேல்தான் வரப்போகின்றன. எந்தச் சாமியிடமும் இப்படி யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள். நீங்கள் பேட்டரியை அணைத்துக்கொள்ள மறந்து, விடிய விடியக் குளிரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு கிடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று டிரைவர் அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். வேறு யாரும் இதை வாங்கிப் பிரிக்கக் கூடாது. நீங்களே பிரித்து, நீங்களே படித்து, எப்போதும் போல என்னைப் பைத்தியக்காரி என்று திட்ட வேண்டும்.

திட்டுங்கள், காத்திருக்கிறேன்.

உங்கள்
பைத்தியக்காரி