குதிரைக்கு ஏப்ரல் முதல் தேதி லீவு

அனுப்புநர்:
மூக்கன், வயது எழுபது இருக்கும்,
குதிரை வண்டி ஓட்டுபவர்,
ரயிலடி வண்டி ஸ்டாண்டு, ஸ்ரீரங்கம்.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
ஸ்ரீரங்கம்.

பொருள்: ஏப்ரல் முதல் தேதி எங்கள் குதிரைகளுக்கு நாங்கள் விடும் லீவை ஸ்டாண்டுக் குத்தகைதாரர் தடுப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நயா பைசா புழக்கத்துக்கு வந்த முதல் நாளில் இது தொடங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, பங்குனி மாதம், திங்கட்கிழமை. எனக்கு எழுத்துத் தெரியாது. தேதி மறக்காது. மூன்றணாவுக்கு எத்தனை நயா பைசா என்று ரயிலடியே அடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், என் குதிரை பவுனு முன்னங்கால் லாடத்தை உதறிவிட்டு நொண்டி நின்றது.

2. லால்குடி ஜவுளிக்கடைக்காரர் திருவேங்கடம் அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் அவர் தகப்பனாருக்குத் திதி, புரோகிதர் காத்திருக்கிறார். குதிரை நடக்காது என்றதும், "ஏம்ப்பா, ஏப்ரல் ஒண்ணுன்னு என்னை முட்டாளாக்குறியா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பவுனை அவிழ்த்து வண்டிக்குப் பின்னால் கட்டினேன். முன்கம்புகள் இரண்டுக்கும் நடுவில் நானே புகுந்து இழுத்தேன். பக்கத்து வண்டிக்கார மருதை விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு போட்டிக்கு அவனும் தன் குதிரையை அவிழ்த்தான், அவனைப் பார்த்து இன்னொரு வண்டிக்காரன் பிச்சைமுத்துவும் அவிழ்த்தான். மூன்று ஆள் முன்னால் வேர்த்து விறுவிறுக்க, மூன்று குதிரைகள் பின்னால் சம்பந்தி வீட்டார் மாதிரி ஆடி அசைந்து வந்தன.

3. பாதி வழியில் கான்ஸ்டபிள் ராசப்பன் கையைக் காட்டி நிறுத்தினார். குதிரை ஏன் சும்மா வருகிறது என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்: "அதுக்கு இன்னிக்கு லீவுங்க." யார் கொடுத்த லீவு என்றார். நான்தான் என்றேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்து நிதானமாக எழுதினார். எழுதி முடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "மூச்சு வாங்குது பாரு. நீ இழு, நான் தள்றேன்" என்று பின்பக்கம் வந்து தோள் கொடுத்தார். திதி நேரத்துக்கு நடந்தது. ஆறு வருடமாகப் பவுனு எதை இழுத்தது என்பது அன்று என் தோளுக்குத் தெரிந்தது.

4. அடுத்த வருடம் அதே தேதியில் நாங்களாகவே லீவு விட்டோம். அன்றுமுதல் சட்டம் இதுதான். குதிரையின் தலைக்குஞ்சத்தை வண்டிக்காரர் கட்டிக்கொண்டு இழுக்க வேண்டும். சவாரிக்குக் கூலி கிடையாது, ஏறுகிறவர் ஒரு பிடி கொள்ளு கொண்டுவர வேண்டும். மறந்துபோய்ச் சாட்டையைத் தொட்டவர் தன் குதிரைக்கு முன் நின்று மூன்று தரம் கனைக்க வேண்டும். மட்டுவார்குழலி டீச்சர் எங்களை "ஹை, ஹை" என்று விரட்டுவதற்கென்றே வருடா வருடம் ஏறுவார். பூக்கட்டும் ரெங்கம்மாள் அருகம்புல்லில் மாலை தொடுத்துக் குதிரைகளுக்குப் போடுவார். தெருமுனை தாண்டுவதற்குள் ஒன்றின் மாலையை இன்னொன்று தின்று தீர்த்துவிடும்.

5. சென்ற வருடம் ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்தவர், வண்டியில் பூட்டாத குதிரை அவிழ்த்துவிட்ட மாட்டுக்குச் சமம் என்று சொல்லி ஸ்டாண்டில் உள்ள ஆறு குதிரைகளையும், தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்கும் பவுண்டில் அடைத்தார். வருடத்தில் ஒரு நாள் அவற்றுடையது, அன்று பார்த்துச் சிறை. நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. ஆறு வண்டிகளையும் இழுத்துக்கொண்டு பவுண்டு வாசலுக்கே சவாரி விட்டோம். ஏறினவர் அத்தனை பேரும் வேலிக்குள் கை நீட்டி ஊட்டினார்கள். உள்ளே முன்பே கிடந்த நான்கு கழுதைகளுக்கும் ஒரு எருமைக்கும் அன்று நல்ல நாள். சாயங்காலத்துக்குள் கூட்டம் தாங்காமல் பவுண்டுக்காரரே கதவைத் திறந்துவிட்டு, என் குஞ்சத்தை வாங்கித் தன் தலையில் கட்டிக்கொண்டார். பதினோரு வருடத்தில் அவ்வளவு பெரிய லீவு நடந்ததில்லை. அதற்காகக் குத்தகைதாரர் வீட்டுக்குப் போய் நன்றியும் சொல்லிவிட்டு வந்தோம். அவருடைய கோபம் அங்கிருந்துதான்.

6. இந்த வருடம் அவர் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார். குதிரை பூட்டாத வண்டி குதிரை வண்டியே அல்லவாம், இழுத்தால் என்னை ஸ்டாண்டைவிட்டு நீக்குவாராம். பவுனைப் பிடித்தால் திருப்பித் தராமல் ஏலத்துக்கு அனுப்புவாராம். பவுனுக்கு இப்போது இருபத்தொரு வயது. அந்த வயதுக் குதிரையை ஏலம் எடுப்பவர் வண்டி ஓட்டுவதற்கு எடுக்கமாட்டார். எனக்கு அது இருந்தால்தான் வீடு.

7. வண்டி இருக்கிறது, குதிரை இருக்கிறது, நானும் இருக்கிறேன். ஒரே ஒரு நாள் நாங்கள் இருவரும் இடம் மாறிக்கொள்கிறோம். முட்டாள்கள் தினம் பார்த்து அதிகாரிகளைக் கேலி செய்கிறோம் என்று குத்தகைதாரர் சொல்வதும் உண்மையல்ல. அன்று தலையில் குஞ்சத்தோடு நடுத்தெருவில் நிற்பது நாங்கள்தான்.

8. ஆகவே, ஏப்ரல் முதல் தேதி எங்கள் குதிரைகளை எவரும் பிடிக்கக் கூடாது என்று தங்கள் கையெழுத்திட்ட உத்தரவு ஒன்று ஸ்டாண்டில் ஒட்டப்பட வேண்டும். பவுனு பெயர் அதில் இருந்தால் மிகவும் நல்லது. அன்று காலை முதல் வண்டியில் தாங்கள் ஏறி வரவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பிடி கொள்ளு போதும். என் வயதைப் பார்த்துத் தயங்க வேண்டாம், தள்ளுவதற்கு ஆள் சொல்லி வைத்திருக்கிறேன்.

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 18.3.1968

மூக்கன் (இடது கைப் பெருவிரல் ரேகை)
சொல்லக் கேட்டு எழுதியவர்: பாக்கியநாதன், மனு எழுதுபவர்.

சாட்சி: முதல் லீவை நேரில் பார்த்தவர் யார் என்று தாங்கள் கேட்கலாம். திருவேங்கடம் காலமாகி ஐந்து வருடம். மருதை அதற்கு முன்பே போய்விட்டான். பிச்சைமுத்து போன தை மாதம். என்னை விட்டால் உயிரோடு இருப்பவர் இன்னும் ஒருவர்தான். நோட்டுப் புத்தகத்தை இன்றும் பெட்டியில் வைத்திருக்கிறார். போன வாரம் பாக்கியநாதனை அழைத்துப் போய்ப் படிக்கச் சொன்னேன். 'குதிரை லீவில் உள்ளது. லீவு அளித்தவர் மூக்கன்' என்று அன்றைய தேதி போட்டு எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகத்தோடு ஏப்ரல் முதல் தேதி காலை வந்து வண்டியைத் தள்ளுவதாக ஒப்புக்கொண்டிருப்பவர், காட்டூரில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கும் ஏட்டு ராசப்பன்.